பதில் சொல்லும் கட்டைகள்

1814-ஆம் ஆண்டு பெர்லின் பல்கலைக்கழகத்தின் கனிமக் காட்சிசாலையில் 32 வயது மனிதர் ஒருவர் உதவியாளராகச் சேர்ந்தார். படிகவியலில் பேர்பெற்ற பேராசிரியர் கிறிஸ்டியன் சாமுவேல் வைஸின் கீழ் படிகங்களை வடிவம் பார்த்து, இனம் பிரித்து, அடுக்கிவைப்பது அவர் வேலை. பெயர் ஃபிரெட்ரிக் ஃப்ரோபெல். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் கட்டடக்கலை படிக்கவென்று ஃபிராங்க்ஃபர்ட் நகருக்குப் போனவர் அவர். போன இடத்தில் ஒரு பள்ளியில் பாடம் நடத்தும் வேலை வாய்த்தது, ஆசிரியராகிவிட்டார். கட்டடமும் வகுப்பறையும் படிகமும் ஒரே மனிதரின் வாழ்க்கையில் இப்படிக் கூடிவந்ததன் பலனை இன்றும் உலகெங்கும் மழலையர் பள்ளிகளில் பார்க்கலாம். 1837-ல் பாட் பிளாங்கன்பர்க் என்ற சிற்றூரில் குழந்தைகளுக்கான விளையாட்டுப் பொருள்களைச் செய்யத் தொடங்கிய ஃப்ரோபெல், 1840-ல் தன் பள்ளிக்குக் கிண்டர்கார்டன் என்று பெயரிட்டார்.

கட்டடக்கலை கற்பிப்பதில் விளையாட்டுக்கு என்ன இடம் என்று பேசப் புகுந்தால் இந்தக் கட்டைகளில்தான் தொடங்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஃப்ரோபெல் அவற்றைக் கொடைகள் என்றார். ஒன்றன்பின் ஒன்றாக எண்ணிட்டு வைத்தார். முதலாவது, வண்ணக் கம்பளி நூலால் ஆன ஆறு உருண்டைகள். இரண்டாவது, மரத்தாலான கோளம், உருளை, கனசதுரம். மூன்றாவதில்தான் கட்டடம் தொடங்குகிறது: 2 அங்குலக் கனசதுரம் ஒன்று, 1 அங்குலக் கனசதுரங்கள் எட்டாகப் பிரியும். உப்புப் பரல் உடைந்தால் சிறு சிறு கனசதுரங்களாகவே உடைவதைப் பார்த்தவர்களுக்கு இதில் படிகக் காட்சிசாலையின் சாயல் தெரியும். நான்காவதில் அதே கனசதுரம் எட்டுச் செங்கல் வடிவக் கட்டைகளாகிறது. ஐந்தாவதில் 3 அங்குலக் கனசதுரம். அதில் 21 முழுக் கட்டைகள், மூலைவாட்டில் இரண்டாக வெட்டிய 6 துண்டுகள், நான்காக வெட்டிய 12 துண்டுகள். மொத்தம் 39.

கட்டைகளைவிட அவற்றுக்கு வைத்த விதிகள் எனக்கு முக்கியமாகப் படுகின்றன. பெட்டியைக் கவிழ்த்து, மூடியை உருவி, பெட்டியை மேலே தூக்க வேண்டும். கனசதுரம் சிதறாமல் முழுதாக மேசைமேல் நிற்க வேண்டும். மேசையில் 1 அங்குலக் கட்டங்கள் வரைந்திருக்கும். குழந்தை எதைக் கட்டினாலும் எல்லாத் துண்டுகளையும் பயன்படுத்தியாக வேண்டும்; நாற்காலி செய்தபின் ஒரு துண்டு மிச்சமென்றால் அதற்கும் அங்கே ஓர் இடம் தேட வேண்டும். அடுத்த வடிவத்துக்குப் போகும்போது முந்தையதைக் கலைத்துக் குவிக்கக் கூடாது. ஓரிரு கட்டைகளை நகர்த்தியே நாற்காலி கட்டிலாக வேண்டும், கட்டில் படிக்கட்டாக வேண்டும். ஆட்டம் முடிந்ததும் மீண்டும் கனசதுரமாகச் சேர்த்துப் பெட்டிக்குள் வைக்க வேண்டும்.

இவ்வளவு கட்டுப்பாடு இருந்தால் அது எப்படி விளையாட்டாகும் என்று கேட்கத் தோன்றலாம். பாண்டியோ தாயமோ ஆடியவர்களுக்குப் பதில் தெரியும். கோடும் முறையும் இல்லாவிட்டால் அங்கே ஆட்டமே கிடையாது. ஃப்ரோபெலின் குழந்தைக்குத் தடையாக நிற்பவை நாலைந்து விதிகள். அந்த விதிகளுக்குள் கிடைக்கும் வடிவங்களோ எண்ணித் தீராதவை. ஒரு கட்டையை நகர்த்தினால் சமச்சீர் குலைகிறது, எதிர்ப்பக்கக் கட்டையையும் நகர்த்தினால் திரும்ப வருகிறது. யாரும் சொல்லித்தர வேண்டாம். கட்டைகளே பதில் சொல்கின்றன.

பிரஷ்ய அரசு 1851-ல் கிண்டர்கார்டன்களைத் தடைசெய்தது. அடுத்த ஆண்டே ஃப்ரோபெல் இறந்துபோனார். தடை நீங்கியது 1860-ல். அதற்குள் அவருடைய மாணவர்கள் பல நாடுகளுக்குக் கட்டைகளை எடுத்துச் சென்றிருந்தார்கள். 1876-ல் ஃபிலடெல்ஃபியாவில் நடந்த நூற்றாண்டுக் கண்காட்சியில் அந்தக் கொடைகளை அன்னா ரைட் என்ற ஆசிரியை பார்த்தார். தன் மகனுக்கு வாங்கிக்கொடுத்தார். மகனுக்கு அப்போது ஒன்பது வயது, மழலையர் பள்ளிக்கான வயதைத் தாண்டியவன். அவன்தான் பின்னாளில் அமெரிக்காவின் மிகப் புகழ்பெற்ற கட்டடக்கலைஞரான ஃபிராங்க் லாயிட் ரைட். அந்த மேப்பிள் மரக்கட்டைகளின் தொடுஉணர்வு கடைசிவரை தன் விரல்களில் தங்கியிருந்ததாகத் தன் வாழ்க்கை வரலாற்றில் எழுதினார். சிகாகோ சுற்றுப்புறத்தில் அவர் கட்டிய தாழ்வான, அகன்ற பிரெய்ரி வீடுகளையும், ஓக் பார்க்கில் உள்ள யூனிட்டி ஆலயத்தையும் பார்ப்பவர்களுக்குக் கட்டைகள் நினைவுக்கு வருவது இயல்புதான்.

ஆனால் இங்கே கவனம் வேண்டும். அதே கட்டைகளோடு விளையாடிய குழந்தைகள் எத்தனையோ லட்சம் பேர், ரைட் ஒருவர்தான். கட்டைதான் அவரைக் கலைஞராக்கியது என்று சொன்னால், அதை நிரூபிக்க வழியில்லை. நிரூபிக்கக்கூடிய வேறொன்று இருக்கிறது, அது இன்னும் சுவையானது.

1980-ல் ஜார்ஜ் ஸ்டைனி என்ற ஆய்வாளர் ஃப்ரோபெலின் கட்டைகளை எடுத்துக்கொண்டு ஒரு கணிதக் கேள்வி கேட்டார்: இரண்டு கட்டைகள் எப்படிச் சேர்ந்திருக்கின்றன என்ற ஒரே ஓர் உறவை விதியாக வைத்துக்கொண்டால், அதிலிருந்து எத்தனை விதமான கட்டடங்கள் கிளைக்கும்? அவரும் ஜேம்ஸ் கிப்ஸும் 1970-களின் தொடக்கத்தில் உருவாக்கிய வடிவ இலக்கணம் என்ற முறையின் ஒரு பயன்பாடு இது. நான்காவது கொடையின் செங்கல் வடிவக் கட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். நீளம், அகலம், உயரம் மூன்றும் வெவ்வேறு. அதை எப்படியெல்லாம் திருப்பி வைத்தாலும் முன்பு இருந்தது போலவே தோன்றும் என்று பார்த்தால் நான்கு நிலைகள் கிடைக்கும்: திருப்பாமல் ஒன்று, ஒவ்வோர் அச்சிலும் பாதிச் சுற்றுச் சுற்றி மூன்று. ஆகவே, ‘இந்தக் கட்டை இருந்தால் அதன் ஓரத்தில் இப்படி இன்னொரு கட்டையைச் சேர்’ என்ற ஒரே விதியை நான்கு விதமாகச் செயல்படுத்த முடியும். எந்த விதம் என்று தீர்மானிக்கக் கட்டையின் ஒரு மூலையில் சின்னப் புள்ளி வைத்துவிட்டால் போதும். புள்ளி ஒரு மூலையில் இருந்தால் கட்டைகள் நேராக ஓடிச் சுவராகலாம். வேறு மூலையில் வைத்தால் அதே விதி படிக்கட்டுப் போல ஏறலாம், சுழன்று கோபுரமாகலாம். விதி மாறவே இல்லை, புள்ளி மட்டும்தான் நகர்ந்தது.

மறு ஆண்டே ஹாங்க் கோனிங், ஜூலி ஐசன்பர்க் என்ற இருவர் இந்த முறையை ரைட்டின் பிரெய்ரி வீடுகள்மேல் பிரயோகித்துப் பார்த்தார்கள். வீட்டின் நடுவில் கணப்பு அடுப்பை வை. அதைச் சுற்றிக் கூடத்தை அமை. பிறகு அறைத் தொகுதிகளை இன்னின்ன உறவில் சேர் என்று விதிகள் போகும். அந்த விதிகள் ரைட் கட்டிய வீடுகளைத் திரும்பத் தந்தன. கூடவே அவர் கட்டாத, ஆனால் அவருடையவைதான் என்று சொல்லத்தக்க வீடுகளையும் தந்தன. ஒரு கலைஞரின் பாணி என்று நாம் மயங்கி நிற்பதற்குள் விளையாட்டு விதிகள் இருக்கின்றன, அவற்றை எழுதிப் பார்க்க முடியும் என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் காட்டியதில்லை. மாணவருக்கு இது பெரிய விடுதலை. மேதையின் கட்டடத்தைப் பார்த்து நகலெடுப்பதற்கும், அதன் விதியைக் கண்டுபிடித்து அதில் ஒன்றை மாற்றிப் பார்ப்பதற்கும் இடையே எவ்வளவு தூரம்!

வடிவ இலக்கணம் உருவான அதே 1970-களில், வேறொரு வழியாக, நம் வாசலிலும் இந்தச் சிந்தனை நடந்திருக்கிறது. தாம்பரம் சென்னைக் கிறித்துவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் கமலா கிருத்திவாசனோடு சேர்ந்து 1974-ல் கோலங்களைப் பற்றி எழுதிய ஆய்வுக் கட்டுரை, கணினியியலில் வடிவங்களுக்கான இலக்கணத்தை ஆராய்ந்த தொடக்ககால முயற்சிகளில் ஒன்று. புள்ளி வைத்து, இழை சுற்றி, ஐந்து புள்ளிக் கோலத்தை ஒன்பது புள்ளிக்கு விரித்துப் போடும் பெண்கள் ஓர் இலக்கணத்தைக் கையில் வைத்திருக்கிறார்கள் என்பதை அவர்கள் முறையாக எழுதிக்காட்டினார்கள். கட்டடக்கலைக் கல்லூரிகளின் முதலாண்டு வகுப்பில் கோலத்தை அலங்காரப் படமாக அல்லாமல் விதியாகக் கற்பிக்க இதைவிட நல்ல தொடக்கம் கிடையாது என்பது என் எண்ணம்.

விதி பதில் சொல்வது ஒரு வகை. பொருள் பதில் சொல்வது இன்னொரு வகை. ஃப்ரோபெலின் கொடைகளில் பின்னால் வரும் ஒன்று, ஊறவைத்த பட்டாணியும் குச்சிகளும். குச்சிகளின் முனைகளைப் பட்டாணியில் செருகிச் சட்டங்கள் செய்ய வேண்டும். 1899 வாக்கில் அமெரிக்காவின் மில்ட்டன் ஊரில் பார்வைக் குறைபாடுள்ள நான்கு வயதுச் சிறுவன் ஒருவன் அதைச் செய்தான். மற்றக் குழந்தைகள் தாங்கள் பார்த்த வீடுகளைப் போலச் சதுரமாகக் கட்டினார்கள். அவனுக்கு வீடுகள் சரியாகத் தெரியாததால், எது ஆடாமல் நிற்கிறது என்று கையால் தடவிப் பார்த்தே கட்டினான். முக்கோணங்களாகப் போய் முடிந்தது. அந்தச் சிறுவன் பக்மின்ஸ்டர் ஃபுல்லர். முதிய வயதில் அவரே சொன்ன கதை இது. அந்த முக்கோணச் சட்ட அமைப்புக்கு 1961-ல் அவர் காப்புரிமை பெற்றார். 

சிறுவனின் விரல்கள் உணர்ந்ததற்குக் கணக்கு உண்டு. நான்கு குச்சிகளைச் சதுரமாகச் சேர்த்து ஓரத்தில் தள்ளினால் அது சாய்ந்துவிடும். பக்கங்களின் நீளம் மாறாமலேயே மூலைக் கோணங்கள் மாற முடியும். முக்கோணத்தில் அது நடக்காது. மூன்று பக்கங்களின் நீளம் தீர்மானமானால் கோணங்களும் தீர்மானமாகிவிடுகின்றன. இயற்பியலாளர் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் 1864-ல் இதை முப்பரிமாணத்துக்கு விரித்தார்: இணைப்புகளின் எண்ணிக்கையை 3-ஆல் பெருக்கி 6-ஐக் கழித்தால், சட்டம் ஆடாமல் நிற்கக் குறைந்தபட்சம் எத்தனை குச்சிகள் வேண்டும் என்று தெரியும். நான்முகியில் இணைப்புகள் 4, வேண்டியவை 6 குச்சிகள், இருப்பவையும் 6. கனசதுரத்தில் இணைப்புகள் 8, வேண்டியவை 18, விளிம்புகளோ 12-தான். அதனால்தான் பட்டாணிக் கனசதுரம் எந்தப் பக்கம் தொட்டாலும் தள்ளாடுகிறது. குறைவது 6 குச்சிகள், கனசதுரத்தின் முகங்களும் ஆறு. ஒவ்வொரு முகத்திலும் ஒரு மூலைவிட்டக் குச்சி செருகுங்கள், அசையாது. பொறியியல் மாணவர் இரண்டாம் ஆண்டில் சூத்திரமாகச் சந்திப்பதை ஒரு குழந்தை அரைமணி நேரத்தில் பட்டாணியில் கண்டுகொள்ளலாம். சூத்திரம் வேண்டாம் என்று சொல்லவில்லை. பட்டாணியைத் தொட்ட கைக்குச் சூத்திரம் வந்து சேரும்போது அது வேறு விதமாகப் புரிகிறது.

இவ்வகை விளையாட்டின் உச்சத்தை பார்சிலோனாவுக்கு அருகே காணலாம். கொலோனியா குவெல் என்ற ஆலைக் குடியிருப்பில் ஒரு தேவாலயம் கட்டும் பணி 1898-ல் அந்தோனி கௌதியிடம் வந்தது. அவர் வரைபட மேசையில் உட்காரவில்லை. ஒரு கொட்டகைக்குள் கூரையிலிருந்து நூல்களைத் தொங்கவிட்டார். நூல்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிளைத்தன. அங்கங்கே ஈயக் குண்டுகள் நிரப்பிய சின்னஞ்சிறு துணிப்பைகள். கட்டடத்தில் பத்தில் ஒரு பங்கு அளவு. சுமைகள் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. ஒரு பையில் குண்டுகளைக் கூட்டினால் அந்த நூல் மட்டுமா நகரும்? மொத்த வலையும் நெளிந்து புதிய வடிவத்தில் ஓயும். ஏறத்தாழ பத்தாண்டுகள் அவரும் உதவியாளர்களும் இப்படிப் பைகளை மாற்றி மாற்றி ஆடினார்கள். பிறகு புகைப்படம் எடுத்து, படத்தைத் தலைகீழாகத் திருப்பி, அதன்மேல் தூண்களையும் கூரையையும் வரைந்தார் கௌதி.

தலைகீழாக்கினால் ஏன் கட்டடமாகிறது? தொங்கும் நூலால் இழுவிசையை மட்டுமே தாங்க முடியும், அமுக்கினால் துவண்டுவிடும். ஆகவே சுமை எப்படி இருந்தாலும், தன் உடல் முழுதும் இழுவிசை மட்டுமே இருக்கும் வடிவத்தை நூல் தானாகத் தேடிக்கொள்கிறது. அதை அப்படியே கவிழ்த்தால் இழுவிசை இருந்த இடமெல்லாம் அமுக்குவிசையாகும். கல்லும் செங்கல்லும் அமுக்குவிசையை நன்றாகத் தாங்கும், இழுத்தால் விரிசல் விடும். கல்லுக்குப் பிடித்தமான வடிவத்தை நூல் கண்டுபிடித்துத் தருகிறது! இந்தத் தத்துவத்தை ராபர்ட் ஹூக் 1675-லேயே எழுத்துகளைக் குலைத்துப்போட்ட ஒரு லத்தீன் புதிராக வெளியிட்டிருந்தார். அவர் இறந்தபின்தான் விடை வெளியானது. கௌதியின் தேவாலயத்தில் 1914-ல் வேலை நின்றுபோனது, கீழ்த்தளம் மட்டுமே எழும்பியிருக்கிறது. அந்தச் சாய்ந்த தூண்களைப் படத்தில் பார்த்தாலே நூல்கள் தெரியும். பின்னாளில் ஜெர்மனியின் ஃப்ரை ஓட்டோ சோப்புக் குமிழிப் படலங்களை வைத்து இதே போல ஆடினார். 1972 மியூனிக் ஒலிம்பிக் அரங்கின் கூடாரக் கூரைக்கு அந்த ஆராய்ச்சி வழிவகுத்தது. சுவிட்சர்லாந்தின் ஹைன்ஸ் இஸ்லர் குளிர்கால இரவுகளில் ஈரத்துணியைத் தொங்கவிட்டு, அது உறைந்ததும் கவிழ்த்து, கான்கிரீட் ஓட்டுக் கூரைகளுக்கு வடிவம் பிடித்தார்.

பொருளோடு ஆடுவதெல்லாம் இப்படிப் பலன் தருமா? தராது. இதை யோசெஃப் ஆல்பர்ஸின் வகுப்பு ஒன்று காட்டுகிறது. பள்ளி ஆசிரியராக இருந்து பிறகு பௌஹவுஸ் கலைப்பள்ளியில் முதலாண்டு மாணவர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர் ஆல்பர்ஸ். 1920-களின் இறுதியில் டெஸாவ் நகரில் ஒருநாள் மாணவர்களிடம் செய்தித்தாள் கட்டைக் கொடுத்து, தாளின் இயல்பை மதித்து, முடிந்தால் கத்தரியும் பசையும் இல்லாமல் எதையாவது செய்யச் சொல்லிவிட்டு வெளியே போனார். சில மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தபோது படகுகள், கோட்டைகள், விமானங்கள், விலங்குகள் எல்லாம் தரையில் இருந்தன. அவற்றை அவர் ஏற்கவில்லை. இவற்றை வேறு பொருளில் இன்னும் நன்றாகச் செய்திருக்கலாமே என்பது அவர் வாதம். ஹங்கேரிய மாணவர் ஒருவர் செய்திருந்த மிக எளிய ஒன்றைக் காட்டினார்: தாளை நீளவாக்கில் மடித்து மடிப்புத்திரை போல நிறுத்தியிருந்தார், அவ்வளவுதான். தட்டையாகப் படுத்தே கிடக்கும் தாள், மடிப்பு விழுந்ததும் விளிம்பில் நிற்கிறது. ஒரு தகட்டின் தடிமன் 2 மடங்கானால் அது வளைய மறுக்கும் வலு 8 மடங்காகும். மடிப்பு என்பது தாளைக் கூட்டாமலே அதற்கு ஆழம் கொடுக்கும் வழி. தொழிற்சாலைக் கூரையின் நெளிதகடு நிற்பதும் இதனால்தான்.

கோட்டை செய்தவர்கள் தாளிடம் எதையும் கேட்கவில்லை. தங்கள் மனதில் ஏற்கெனவே இருந்த கோட்டையைத் தாளின்மேல் சுமத்தினார்கள். மடித்தவர் தாளிடம் கேட்டார். வகுப்பறை விளையாட்டை எடைபோட இதைவிட நல்ல உரைகல் எனக்குத் தெரியாது: ஆடும்போது ஏதாவது பதில் வருகிறதா? பதில் வரும்போது ஆடுபவர் தன் எண்ணத்தை மாற்றிக்கொள்கிறாரா? புள்ளிகளும் பதக்கங்களும் கொடுத்துப் பாடத்தை இனிப்பாக்கும் முயற்சிகள் பலவும் இந்த இடத்தில்தான் தோற்கின்றன. மாணவர் ஆர்வமாக இருப்பார். அவர் வரைந்த சுவர் மட்டும் அப்படியே இருக்கும்.

பீட்டர் ஸ்கில்மன் வடிவமைத்து டாம் வூஜெக் உலகெங்கும் பரப்பிய மார்ஷ்மாலோ போட்டியைப் பலர் அறிந்திருப்பார்கள். 20 ஸ்பகெட்டிக் குச்சிகள், ஒரு கெஜம் டேப், ஒரு கெஜம் நூல், உச்சியில் வைக்க ஒரு மார்ஷ்மாலோ; 18 நிமிடத்தில் உயரமான கோபுரம் கட்ட வேண்டும். வணிக மேலாண்மை பட்டதாரிகளைவிட மழலையர் பள்ளிக் குழந்தைகள் உயரமாகக் கட்டினார்கள் என்பது எல்லோரும் சொல்லும் செய்தி. குழந்தைகள் முதல் நிமிடத்திலிருந்தே மார்ஷ்மாலோவை வைத்துப் பார்க்கிறார்கள், கோபுரம் சாய்கிறது, திருத்துகிறார்கள். பெரியவர்கள் பேசித் திட்டமிட்டுக் கடைசி நொடியில்தான் வைக்கிறார்கள். இன்னொரு செய்தி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை: எல்லோரிலும் உயரமாகக் கட்டியவர்கள் கட்டடக்கலைஞர்களும் பொறியாளர்களும்தான். முக்கோணம் அவர்களுக்குத் தெரியும். விளையாட்டு அறிவுக்கு மாற்று என்று யாராவது சொன்னால் இதை நினைவூட்டலாம்.

கட்டடத்தில் பதில் சொல்ல வேண்டிய மூன்றாவது ஒன்று உண்டு, அதுதான் கல்லூரிகளில் மிகக் குறைவாகக் கற்பிக்கப்படுகிறது: இன்னொரு மனிதர். கல்லூரி ஸ்டூடியோவில் ஒரு மாணவர், ஒரு மனை, ஒரு மாடல், கடைசியில் மதிப்பிட ஒரு ஜூரி. வெளியே வந்தாலோ வீட்டுக்காரர், கொத்தனார், பக்கத்து மனைக்காரர், பஞ்சாயத்து, நாளை அந்த வீட்டை இடித்து விரிக்கப்போகும் மகன் என்று எத்தனையோ கைகள். இந்தோனேசியாவின் பாண்டுங்கில் 1928-ல் பிறந்த டச்சுக் கட்டடக்கலைஞர் ஜான் ஹப்ராக்கன் வாழ்நாள் முழுதும் இதைத்தான் சிந்தித்தார். அடுக்குமாடிக் குடியிருப்பில் நிலையான சட்டகத்தை மட்டும் சமூகம் கட்டட்டும், உள்ளே இருப்பதைக் குடியிருப்பவர் தீர்மானிக்கட்டும் என்று 1961-ல் நூல் எழுதினார். குடித்து முடித்ததும் செங்கல்லாகப் பயன்படும்படி ஹைனகன் நிறுவனத்துக்கு ஒரு பீர் பாட்டிலைக்கூட வடிவமைத்துத் தந்தவர் அவர்.

1980-களில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஹப்ராக்கன், மார்க் கிராஸ் முதலானோருடன் சேர்ந்து, வடிவமைப்பை ஆராய்வதற்கென்றே சில பலகை விளையாட்டுகளை உருவாக்கினார். அவற்றில் ஒன்று மௌன ஆட்டம். ஆணி, வாஷர், நட்டு போன்ற சின்னச் சின்னச் சாமான்கள் மேசைமேல் இருக்கும். முதலாமவர் சிலவற்றை எடுத்து ஏதோ ஓர் ஒழுங்கில் வைக்கிறார். இரண்டாமவர் அந்த ஒழுங்கைப் புரிந்துகொண்டு தொடர வேண்டும். மாறி மாறி ஆட்டம் போகும். பேசக் கூடாது. மூன்றாமவர் பார்த்துக் குறிப்பெடுக்கிறார்.

நான்கு ஆணிகளை இணையாக அடுக்கி, நடுவே ஒரு வாஷர் வைத்திருக்கிறார் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். அடுத்தவர் வலப்பக்கம் இன்னும் நான்கு ஆணிகள் வைத்து, நடுவே நட்டு வைக்கிறார். ‘நடுவில் ஏறத்தாழ வட்டமான எதுவும் வரலாம்’ என்று அவர் படித்திருக்கிறார். முதலாமவர் மனதில் இருந்ததோ ‘நடுவில் துளையுள்ளது வர வேண்டும்’ என்பது. நட்டு இரண்டு விதிகளுக்கும் பொருந்துகிறது. எனவே முரண்பாடு வெளியே தெரியவில்லை. இரண்டு சுற்றுக் கழித்துத் துளையில்லாத வட்டம் ஒன்று வந்து விழும்போதுதான் தெரிகிறது. அதற்குள் அந்தப் புது விதி மேசைமேல் வேரூன்றிவிட்டது; இப்போது அதை ஏற்று நகர்வதா, தன் அடுத்த வைப்பால் மெல்லத் திருத்துவதா? ஒரு தெரு உருவாவதும் இப்படித்தான். ஆம்ஸ்டர்டாமின் கால்வாயோர வீடுகளைத் தனித்தனிக் குடும்பங்கள் கட்டின. நம் பழைய தெருக்களில் திண்ணையும் தாழ்வாரமும் வீட்டுக்கு வீடு வேறுபட்டும் ஒரே வரிசையாக நிற்பதற்கு வரைபடம் போட்டவர் யாருமில்லை. முன்னவர் வைத்ததைப் படித்து அடுத்தவர் வைத்தார்.

கணினி விளையாட்டுகளுக்கு வந்தால் பதில் உடனுக்குடன் வரும், வண்ணமயமாகவும் வரும். கேட்க வேண்டிய கேள்வி, அந்தப் பதிலை யார் எழுதிவைத்தது என்பது. 1989-ல் வில் ரைட் உருவாக்கிய சிம்சிட்டி, ஒரு தலைமுறை நகர் வடிவமைப்பாளர்களுக்கு ஆசையூட்டிய விளையாட்டு. அதன் பின்னணியில் ஜே ஃபாரஸ்டர் 1969-ல் வெளியிட்ட நகரக் கணினி மாதிரியின் தாக்கம் உண்டு. வரியைக் கூட்டினால் மக்கள் போவார்கள், சாலை போட்டால் வீடுகள் முளைக்கும் என்ற விதிகள் நிரலுக்குள் இருந்தன. ஆடுபவருக்கு விளைவு மட்டும் தெரிந்தது. குடியிருப்பு, வணிகம், தொழில் மூன்றையும் தனித்தனி மண்டலங்களாகத்தான் அதில் ஒதுக்க முடியும். கீழே மளிகைக்கடை, மேலே வீடு, பின்னால் தறி என்றிருக்கும் நம் ஊர்த் தெரு அந்த நகரத்தில் பிறக்கவே வழியில்லை. 2013 பதிப்பை உருவாக்கியவர்கள், உண்மையில் உள்ளபடி வாகன நிறுத்துமிடங்களைக் காட்டினால் நகரமே நிறுத்துமிடமாகத் தெரிகிறது என்று கண்டு, அவை நிலத்துக்கடியில் இருப்பதாகப் பாவித்துக்கொண்டார்கள். ஆட்டத்துக்கு அது நல்ல முடிவாக இருக்கலாம். அதை ஆடி நகரத்தைக் கற்றுக்கொள்பவருக்கு, காரின் பெரிய செலவு ஒன்று கண்ணிலிருந்து மறைந்துபோகிறது.

மைன்கிராஃப்டின் கதை வேறு. ஐக்கிய நாடுகள் அவையின் வாழிட அமைப்பான யு.என்.ஹேபிடட் 2012 முதல் அந்த விளையாட்டை வைத்து பொது இடங்களை வடிவமைக்கும் பட்டறைகளை நடத்திவருகிறது. நைரோபியின் கிபேராவில் தொடங்கிப் பல நாடுகளில் நடந்திருக்கிறது. பூங்காவோ மைதானமோ வரப்போகும் இடத்தை முதலில் மைன்கிராஃப்டில் உருவாக்குகிறார்கள். அப்பகுதி மக்கள் சிறு குழுக்களாக அமர்ந்து விளக்கு, நடைபாதை, மரம், அமருமிடம் ஆகியவற்றை வைத்துப் பார்த்து, அதிகாரிகளுக்குத் தாங்களே விளக்குகிறார்கள். வரைபடம் படிக்கத் தெரியாதவருக்கும் 1 மீட்டர் கட்டை புரியும். இரவில் எந்த மூலை இருட்டு என்று அங்கே நடக்கும் பெண்களுக்குத்தான் தெரியும். அந்த அறிவு மேசைக்கு வர இது வழிசெய்கிறது. ஆனால் மைன்கிராஃப்டில் அடிமரத்தை வெட்டினாலும் கிளைகள் அந்தரத்தில் நிற்கும். மணல், சரளை போன்ற சில கட்டைகள் தவிர மற்றவற்றுக்கு எடையே இல்லை. இடத்தைப் பற்றிக் கேட்டால் நேர்மையாகப் பதில் சொல்லும் விளையாட்டு, பாரத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது. நல்ல ஆசிரியர் அந்த எல்லையை மாணவர்களையே கண்டுபிடிக்கச் சொல்வார். அதே கட்டடத்தைப் பிறகு பட்டாணியிலும் குச்சியிலும் கட்டச் சொல்வார்.

கட்டடத்துக்கு ஒத்திகை கிடையாது என்பதால்தான் இவ்வளவும். நாடகத்தை முப்பது முறை நடித்துப் பார்க்கலாம், மருந்தைச் சோதனைக் குழாயில் பார்க்கலாம். வீட்டை ஒருமுறைதான் கட்டுகிறோம், அதிலும் வேறொருவர் வாழ்நாள் சேமிப்பில். தவறு செய்யக் கட்டடக்கலைஞருக்குக் கிடைக்கும் மலிவான இடம் விளையாட்டு ஒன்றுதான். முதலாண்டிலேயே மதிப்பெண்ணுக்கு அஞ்சி, முதல் எண்ணத்தையே அழகாக வரைந்து ஜூரிக்குக் கொண்டுவரும் மாணவருக்கு அந்த இடம் மறுக்கப்படுகிறது.

மௌன ஆட்டத்துக்குச் செலவே இல்லை. தீப்பெட்டி, குண்டூசி, பாட்டில் மூடி, நட்டு, சோழி என்று மூன்று நான்கு வகைச் சாமான்கள் தலா இருபது போதும். மூன்று மூன்று பேராக உட்காருங்கள். இருபது நிமிடம் பேசாமல் ஆடுங்கள். முடிந்ததும் ஆடிய இருவரும் தாங்கள் பின்பற்றிய விதிகளைத் தனித்தனியே எழுத வேண்டும், பார்த்தவர் தான் கண்ட விதிகளை எழுத வேண்டும். மூன்று தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அவை ஒத்துப்போகாத இடங்களில் வட்டமிடுங்கள். அடுத்த ஆட்டத்தில் அந்த இடத்திலிருந்து, பார்த்தவர் ஆடத் தொடங்கட்டும்.